மலைநாட்டில் கார் சேர்விஸ்: எதைச் செய்தே ஆக வேண்டும், எதை விட்டுவிடலாம்

காரை சேர்விஸ் ஸ்டேஷனில் ஏற்றிவிட்டு ஓரமாக நின்று பிளேன்டீ குடித்துக்கொண்டிருப்பீர்கள். உள்ளேயிருந்து ஒருவர் வருவார். "அண்ணே, எஞ்சின் ஃப்ளஷ் ஒண்ணு போட்டுருவோமா? இன்ஜெக்டரும் கிளீன் பண்ணணும், கார்பன் நிறைய இருக்கு." பில் இரண்டு மடங்காவது இப்படித்தான். புதிதாகக் கார் வாங்கியவர்களில் ஒரு பாதி எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள். மற்றப் பாதி எல்லாமே ஏமாற்று என்று முடிவுகட்டி, மாற்ற வேண்டிய பிரேக் ஒயிலையும் மாற்றாமல் வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். முதலாமவருக்குக் காசு போகிறது. இரண்டாமவருக்கு ரம்பொட இறக்கத்தில் உயிரே போகலாம்.

கொழும்பில் ஓடும் காருக்கும் ஹட்டனில் ஓடும் காருக்கும் தேவைகள் ஒன்றல்ல. சமதரையில் எஞ்சின் ஒயில்தான் பெரிய விஷயம். மலையில் அதற்கு முன்னால் மூன்று வரும்: காரை நிறுத்துவது, எஞ்சினைச் சூடேறாமல் வைத்திருப்பது, கியர்பொக்ஸைக் காப்பாற்றுவது. சேர்விஸ் ஸ்டேஷன் பட்டியலில் இவை பெரும்பாலும் கடைசியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அவை கண்ணுக்குத் தெரியும் வேலைகள் அல்ல, போடி வொஷ் போலப் பளபளக்காது.

முதலில் காரின் வரலாறு

இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025இல்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது. அதனால் இப்போது கைமாறும் கார்களில் பல பத்து வருடம் தாண்டியவை. மீற்றரில் இருக்கும் கிலோமீற்றரை அப்படியே நம்ப வேண்டாம். பிரேக் பெடல் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஸ்டியரிங்கின் தோல் எந்த இடத்தில் பளபளக்கிறது, பொனட்டுக்குள்ளும் கதவுத் தூணிலும் ஒட்டியிருக்கும் பழைய ஒயில் ஸ்டிக்கர்களில் என்ன திகதி, என்ன கிலோமீற்றர் இருக்கிறது என்று பாருங்கள். ஜப்பான் ஸ்டிக்கரின் எழுத்து புரியாவிட்டால் போன் கமராவின் மொழிபெயர்ப்பைப் பிடித்தால் போதும்.

அடுத்து காரின் கையேடு. கார் ஜப்பானிலிருந்து வந்தது என்றால் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும், அல்லது தொலைந்திருக்கும். எஞ்சின் அறைத் தகட்டில் உள்ள மொடல் குறியீட்டை, உதாரணமாக டொயோட்டா அக்வாவுக்கு என்எச்பி10, வைத்துத் தேடினால் அந்தந்த மொடலுக்கான ஒயில் தரம், அளவு, மாற்ற வேண்டிய இடைவெளி எல்லாம் கிடைக்கும். இந்த ஒரு பக்கத்தை போனில் வைத்திருந்தால் கவுண்டரில் நடக்கும் பாதிப் பேச்சு தானாகக் குறையும்.

எந்த ரெக்கோர்ட்டும் இல்லாத கார் என்றால் கணக்கைப் பூச்சியத்தில் தொடங்குங்கள். எஞ்சின் ஒயில், பிரேக் ஒயில், கூலன்ட், கியர் ஒயில் நான்கையும் ஒரே தடவை மாற்றிவிட்டுத் திகதியை எழுதிவையுங்கள். பெரிய தொகை ஒன்றாகக் கொடுப்பதற்கு நியாயம் இருப்பது இந்த ஒரு முறைதான்.

உங்கள் ஓட்டம் எந்த வகை?

ஜப்பானியக் கையேடுகளில் இரண்டு அட்டவணை இருக்கும். ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு, மற்றது கடும் பாவனைக்கு. கடும் பாவனை என்பதற்கு அவர்கள் கொடுக்கும் அளவுகோல் இதுதான்: மொத்த ஓட்டத்தில் 30 வீதத்துக்கு மேல் ஏற்ற இறக்க மலைப்பாதை, அல்லது 30 வீதத்துக்கு மேல் கரடுமுரடான ரோடு, அல்லது ஒரு தடவைக்கு 8 கிலோமீற்றருக்கும் குறைவான குட்டி ஓட்டங்கள் திரும்பத் திரும்ப. தலவாக்கலையிலிருந்து லிந்துலைக்குப் பிள்ளைகளை ஸ்கூலுக்கு விட்டுவிட்டு, மாலையில் தோட்டத்து ரோட்டில் ஏறி வீட்டுக்கு வருபவருக்கு மூன்றும் பொருந்தும். ஆகவே "கையேட்டில் 10,000, 15,000 என்றுதானே இருக்கிறது" என்ற வாதம் நமக்குச் செல்லாது. நமக்கு இரண்டாவது அட்டவணை. அதில் எஞ்சின் ஒயில் பெரும்பாலும் பாதி இடைவெளிக்கு வந்துவிடும்.

அதற்காக 3,000 கிலோமீற்றருக்கு ஒருதரம் மாற்றச் சொல்வதையும் ஏற்க வேண்டாம். இன்றைய சின்தெடிக் ஒயிலுக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது, மலையிலும் தாராளமாகப் போதும்.

பிரேக்: இங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர். அங்கிருந்து ரம்பொட, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் 1,300 மீற்றருக்கு மேல் கீழே வருகிறீர்கள். ஆயிரம் கிலோ காரை அவ்வளவு உயரத்திலிருந்து இறக்கும்போது வெளிப்படும் சக்தி, கரண்ட் பில்லில் வரும் கணக்குப்படி மூன்றரை யூனிட். அது முழுவதும் எங்கேயாவது போக வேண்டும். கியரில் எஞ்சினைப் பிடித்து இறக்கினால் அதில் பெரும்பகுதி எஞ்சினில் போகும். காலைப் பிரேக்கிலேயே வைத்து வந்தால் அத்தனையும் பிரேக் பேட்டிலும் அது பிடிக்கும் டிஸ்க்கிலும் சூடாக மாறும்.

பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டொட் 3 என்ற தரத்து ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 4 என்றால் 230, பிறகு 155. கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடலை மிதித்தால் தரைவரை போகும், கார் நிற்காது. பிரேக் ஆறியதும் பெடல் பழையபடி இறுகிவிடும் என்பதால், பின்னர் கராஜில் பார்த்தால் "ஒரு பிழையும் இல்லை" என்றே வரும். மழையும் மூடுபனியும் மாதக்கணக்கில் நிற்கும் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, எத்தனை கிலோமீற்றர் ஓடியிருந்தாலும், பிரேக் ஒயில் மாற்றியே ஆக வேண்டும். சிறிய காருக்கு ஒரு லீற்றர் போதும். பிரேக் ஒயில் டேங்கின் மூடியில் எந்தத் தரம் எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள், முத்திரை உடைக்காத சிறு போத்தலாக. பாதி பாவித்து மூடிவைத்த போத்தல் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும்.

நான்கு சில்லிலும் ப்ளீட் செய்து, புதிய ஒயில் தெளிவாக வரும்வரை பழையதை வெளியேற்றினால்தான் மாற்றியதாகக் கணக்கு. மேலே டேங்கில் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதை ஊற்றுவது மாற்றல் அல்ல. இன்னொரு எச்சரிக்கை: அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்களின் பிரேக் மின்னணு முறையில் இயங்குவது. ஸ்கேனர் இல்லாமல் பெடலை மிதித்து ப்ளீட் செய்ய ஒருவர் முன்வந்தால், வேண்டாம் என்று சொல்லி ஸ்கேனர் உள்ள கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

டேங்கில் ஒயில் மட்டம் இறங்கியிருந்தால் உடனே ஊற்றி நிரப்பவும் வேண்டாம். பேட் தேயத் தேய மட்டம் தானாக இறங்கும். நிரப்பிவிட்டால் பேட் தேய்ந்ததைக் காட்டும் அடையாளத்தை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். முதலில் பேட்டைப் பாருங்கள். பேட் சரியாக இருந்தும் மட்டம் இறங்கினால் ஒழுக்கு இருக்கிறது, அன்றே பார்க்க வேண்டும்.

பேட் புதிதாக ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் தடிப்பில் இருக்கும். கராஜ்காரர் 2 மில்லிமீற்றர் வரை ஓட்டலாம் என்பார், கையேடும் அப்படிச் சொல்லலாம். மலையில் 3க்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். மெல்லிய பேட் சூட்டைத் தாங்காமல், பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பர் வழியாக ஒயிலுக்குக் கடத்தும். சில்லைக் கழற்றும்போது உள்பக்கப் பேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கலிப்பர் நகரும் பின்கள் துரு ஏறி இறுகினால் வெளிப் பேட் புதிது போல இருக்க, உள் பேட் இரும்புவரை தேய்ந்திருக்கும். பின்களைக் கழற்றித் துடைத்து அதற்கென்றுள்ள சிலிகோன் கிரீஸ் பூசுவது அரை மணி நேர வேலை. வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் செய்யலாம். இதை எந்தப் பட்டியலிலும் அச்சிட்டிருக்க மாட்டார்கள், கேட்டுத்தான் செய்விக்க வேண்டும்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் பேட் தேய்வதில்லை என்று நிம்மதியாக இருக்கிறார்கள். உண்மைதான், பெரும்பாலான பிரேக்கிங்கை மோட்டார் பார்த்துக்கொண்டு, அந்தச் சக்தியைப் பெட்டரியில் சேர்க்கும். ஆனால் அக்வாவின் ஹைபிரிட் பெட்டரி முழுதாகவே ஒரு யூனிட்டுக்கும் குறைவு. மேலே சொன்ன மூன்றரை யூனிட்டில் சில கிலோமீற்றரிலேயே அது நிரம்பிவிடும். அதன்பின் மோட்டார் பிடிக்காது, சாதாரண பிரேக்தான் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் லீவரில் "பி" (ஆங்கில B, பார்க்கிங்குக்கான P அல்ல) இருக்கிறது. இறக்கம் தொடங்கும்போதே போடுங்கள். எஞ்சின் இரைவதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அது சூட்டைத் தன்மேல் எடுத்துக்கொள்கிறது.

கூலன்ட்டும் ஒரு சிறிய மூடியும்

கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். காரில் அப்படி நடக்காமல் தடுப்பது ரேடியேட்டர் மூடி. அதன் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால் கொதிநிலை இருபது பாகைக்கும் மேல் ஏறுகிறது. மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்தால் அழுத்தம் நிற்காது. கினிகத்தேனை ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊரும்போது கூலன்ட் பொங்கி ரிசர்வ் போத்தல் வழியாக வெளியே கொட்டும். ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று எஞ்சினைக் கழற்றும் முன் மூடியை மாற்றிப் பாருங்கள். மேலே 1.1 அல்லது 108 என்று எழுதியிருக்கும், அதே எண்ணுள்ள மூடி வேண்டும். ஐந்தாறு வருடமான மூடியைக் கேள்வியே இல்லாமல் மாற்றலாம். சூடாக இருக்கையில் மட்டும் திறக்கக் கூடாது.

டொயோட்டாவின் பிங்க் நிற நீண்டகாலக் கூலன்ட் முதல் தடவை 160,000 கிலோமீற்றர் அல்லது 7 வருடம், பிறகு 80,000 அல்லது 4 வருடம் தாங்கும். ஆகவே வருடாவருடம் கூலன்ட் மாற்றச் சொன்னால் மறுத்துவிடலாம். ஆனால் யாரோ இடையில் பீலித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ ஊற்றியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. நீர்த்துப்போன கூலன்ட்டில் துருத் தடுப்பு மருந்து குறைந்து, பம்பும் ரேடியேட்டர் குழாய்களும் உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். போத்தலில் பழுப்பு நிறம் தெரிந்தால் முழுவதும் கழுவி மாற்றுங்கள். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றியாக வேண்டும் என்றால் பெட்டரிக்கு ஊற்றும் சுத்திகரித்த தண்ணீர் நல்லது. ஹைபிரிட்டில் இன்வேர்ட்டருக்கென்று இன்னொரு கூலன்ட் போத்தல் தனியாக இருக்கிறது, அதைப் பார்க்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஹைபிரிட்டில் இன்னொன்றும் குளிர வேண்டும், பெரிய பெட்டரி. பின்சீற்றின் ஓரத்தில் காற்று உள்ளே போகும் சல்லடை இருக்கும். அதன் பில்டரைக் கழற்றித் தூசியைத் தட்டுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அந்தச் சல்லடையின்மேல் மரக்கறிப் பையை வைத்துக்கொண்டு மலை ஏறக் கூடாது.

எஞ்சின் ஒயில்: எளிது, ஆனால் இங்கேதான் தவறுகள்

மூடியிலோ கையேட்டிலோ 0டபிள்யூ-20 என்று இருந்தால் அதைப் போடுங்கள், "மலைக்குத் தடிப்பான ஒயில்தான் நல்லது" என்ற பேச்சைக் கேட்டு 20டபிள்யூ-50 ஊற்ற வேண்டாம். நுவரெலியாவின் தை மாதக் காலைக் குளிரில் தடித்த ஒயில் மேலே ஏற நேரமெடுக்கும், அதுவரை எஞ்சின் வறண்டு ஓடும். கையேடு 5டபிள்யூ-30ஐயும் அனுமதித்தால், வயதான, ஒயில் குடிக்கும் எஞ்சினுக்கு அது சரி. எஞ்சின் ஒயில் கறுத்துவிட்டது என்பது மாற்றக் காரணமல்ல. அழுக்கைத் தன்னில் எடுத்துவைப்பதே அதன் வேலை, ஆயிரம் கிலோமீற்றரிலேயே கறுக்கலாம்.

மாற்றும்போது பக்கத்தில் நின்று இவற்றைக் கவனியுங்கள்:

1. ஒயில் வடிக்கும் ட்ரெய்ன் நட்டின் வொஷர் புதிதாகப் போடப்படுகிறதா. பழையதை வைத்து இறுக்கினால் கசியும், கசிவை நிறுத்த இன்னும் இறுக்குவார்கள், சம்பின் (அடியிலுள்ள ஒயில் தட்டின்) மரை போய்விடும்.
2. பழைய பில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் அதனோடே வந்ததா. எஞ்சினில் ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதியது ஏறினால், இரண்டு வளையமும் சேர்ந்து வழுக்கி ஓடும்போதே ஒயில் முழுவதும் கொட்டிவிடும். புதிய வளையத்தில் ஒயில் தடவி, தொட்டதிலிருந்து முக்கால் சுற்று கையால் இறுக்கினால் போதும்.
3. அளவு. எக்சியோ, அக்வா இரண்டின் 1,500 சிசி எஞ்சினுக்கும் பில்டரோடு 3.7 லீற்றர், 1,800 சிசி பிரியஸுக்கு 4.2 லீற்றர். "நாலு லீற்றர் கேன் முழுக்க ஊத்தியாச்சு" என்றால் அக்வாவுக்கு அது கூடுதல். மிச்சத்தைக் கேனோடு வாங்கிக்கொள்ளுங்கள்.
4. கடைசியில் டிப்ஸ்டிக். எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து, சமதரையில்.

சமதரை என்பது நம் ஊரில் அவ்வளவு எளிதில் கிடைக்காது. வீட்டு வாசலின் சரிவில் பார்த்தால் மட்டம் கூடவோ குறையவோ காட்டும். பெற்றோல் ஷெட் முற்றம்தான் கைகொடுக்கும், மாதம் ஒருமுறை அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒயில் ஊற்றும் மூடிக்கு அடியில் வெண்ணெய் போல ஒரு பசை ஒட்டியிருப்பதைக் காட்டி, "ஒயில்ல தண்ணி கலந்திருச்சு, ஹெட் இறக்கணும்" என்று சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். குளிர்ந்த ஊரில் குட்டி ஓட்டம் மட்டும் ஓடும் காரில் நீராவி படிந்து இந்தப் பசை உண்டாவது சாதாரணம். டிப்ஸ்டிக்கில் ஒயில் தெளிவாக இருக்கிறதா, கூலன்ட் மட்டம் இறங்காமல் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் சரி என்றால் துடைத்துவிட்டு, வாரத்துக்கு ஒருநாள் அரை மணி நேரம் எஞ்சின் நன்றாகச் சூடேற ஓட்டினால் போதும்.

கியர்பொக்ஸ்

"லைஃப்டைம் ஒயில், மாற்றத் தேவையில்லை" என்ற பேச்சு மலையில் எடுபடாது. சீவீடி எனப்படும், கியர் படிகள் இல்லாத ஒட்டோ கியர்பொக்ஸில் இரும்புப் பட்டி உருளைகளின் நடுவே நழுவாமல் பிடிப்பது அந்த ஒயிலின் தன்மையால்தான். ஏற்றத்தில் அது சூடேறிக் கெடும். 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை வடித்து நிரப்புங்கள். ஒரு தடவை வடித்தால் உள்ளே இருப்பதில் ஏறத்தாழ பாதிதான் வெளியே வரும், அது போதும். மெஷின் பூட்டி அழுத்தத்தில் முழுவதையும் கழுவும் ஃப்ளஷ் தேவையில்லை. வடித்த அளவை அளந்து, அதே அளவு ஊற்றி, கையேடு சொல்லும் சூட்டில் மட்டம் பார்க்க வேண்டும்.

எந்த ஒயில் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். டொயோட்டா, ஹொண்டா, சுசுகி, நிசான் ஒவ்வொன்றுக்கும் தனி ஒயில். அக்வா, பிரியஸ் ஹைபிரிட்டின் கியர்பொக்ஸைப் பேச்சுவழக்கில் சீவீடி என்றாலும் அதற்குள் பட்டி இல்லை, அதற்குரியது டொயோட்டாவின் டபிள்யூஎஸ் ஒயில். "எல்லா சீவீடிக்கும் போடலாம்" என்று எழுதிய கேனைத் தவிர்த்துவிடுங்கள். வடிக்கும்போது நட்டிலுள்ள காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை சாதாரணம். கையில் நெருடும் இரும்புத் துண்டு என்றால் அது வேறு கதை, செலவுக்குத் தயாராகுங்கள்.

ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் ஜீபி5, அதே காலத்து வெசல் ஹைபிரிட் இரண்டிலும் இருப்பது உலர்ந்த கிளச்சுள்ள ஏழு கியர் பெட்டி. ஏற்ற நெரிசலில் அக்சிலேட்டரால் காரைப் பிடித்து நிறுத்தினால் கிளச் சூடேறிக் கருகும். பிரேக்கில் நில்லுங்கள், முன்னால் இடம் கிடைத்ததும் ஒரேயடியாக நகருங்கள். இதற்கு எந்த சேர்விஸும் மாற்றீடாகாது.

கையால் கியர் போடும் அல்டோவுக்கு 40,000 கிலோமீற்றருக்குக் கியர் ஒயில் மாற்றினால் போதும். ஏற்றத்தில் எஞ்சின் இரைச்சல் கூடியும் வேகம் ஏறாவிட்டால் கிளச் தட்டு முடிந்துவிட்டது, எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் அதைக் காப்பாற்றாது.

டயரும் எக்ஸல் பூட்டும்

டயரின் பள்ளத்துக்குள் தெரியும் சிறு மேடு 1.6 மில்லிமீற்றர் உயரம், டயர் அதுவரை தேய்ந்தால் ஆயுள் முடிந்தது என்று பொருள். நனைந்த வளைவுகளில் அதுவரை காத்திருக்கக் கூடாது, 3 மில்லிமீற்றரில் முன் டயர்களை மாற்றுங்கள். பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 1419 என்றால் 2019இன் 14ஆவது வாரம். பூ நிறைய இருந்தாலும் பத்து வருடமான ரப்பர் ஈரத்தில் பிடிக்காது.

நைட்ரஜனுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. மலை ஏறினால் காற்று கூடும், இறங்கினால் குறையும் என்று ஒவ்வொரு ஷெட்டிலும் நிறுத்தவும் வேண்டாம். கொழும்பில் குளிர்ந்த டயரில் 32 பீஎஸ்ஐ பிடித்து நுவரெலியாவுக்கு வந்தால், உயரம் கூட்டுவதும் குளிர் குறைப்பதும் ஒன்றையொன்று ஏறக்குறைய சமன் செய்துவிடும். வீல் அலைன்மென்ட் ஒவ்வொரு சேர்விஸுக்கும் உரியதல்ல. கார் ஒருபக்கம் இழுத்தால், டயர் ஓரம் மட்டும் தேய்ந்தால், பெரிய குழியில் விழுந்தால், ஸ்டியரிங் பாகம் மாற்றினால் செய்யுங்கள்.

எக்ஸல் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான எக்ஸல் பூட் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒடித்து அந்த ரப்பர் மடிப்பு கிழியும். சில்லின் உட்புறத்தில் கறுத்த கிரீஸ் சிதறியிருந்தால் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். உடனே மாற்றினால் பூட்டும் கிரீஸும் மட்டும்தான் செலவு. சேறு உள்ளே போய் வளைவில் "டக் டக்" சத்தம் வந்த பின் எக்ஸலே மாற்ற வேண்டும்.

பார்த்துவிட்டு முடிவு செய்பவை

ஏர் பில்டரை 5,000 கிலோமீற்றருக்கு எடுத்துப் பாருங்கள். தோட்டத்து மண் ரோட்டுக்காரர்களுக்கு மழையில்லாத மாதங்களில் சீக்கிரம் அடைக்கும். உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்துத் தட்டலாம், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒளி ஊடுருவாவிட்டால் புதிது போடுங்கள். ஏசி பில்டர் கிளவ் பொக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. பத்து நிமிடத்தில் நீங்களே மாற்றலாம், அதற்குக் கூலி கொடுப்பது பாவம்.

12 வோல்ட் பெட்டரியை மூன்று வருடத்துக்குப் பிறகு சோதியுங்கள். இரவு முழுவதும் நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் நல்லது, 12.2க்குக் கீழே என்றால் குளிர்காலக் காலைகளில் கைவிடும். ஓடும்போது 14 வோல்ட் சுற்றி இல்லாவிட்டால் பிழை பெட்டரியில் அல்ல, ஓல்டர்னேட்டரில் இருக்கலாம். புதிய பெட்டரி வாங்கும் முன் இதை அளக்கச் சொல்லுங்கள்.

இரிடியம் பிளக் வழக்கமாக 100,000 கிலோமீற்றர் தாங்கும், 660 சிசி கார்களில் அதைவிடக் குறைவு. சாதாரண பிளக் 20,000 அளவில் கழற்றிப் பார்க்கத்தக்கது. எக்சியோ, அக்வா, வெகன்ஆர் எல்லாம் டைமிங் செயின் உள்ளவை. செயினுக்கு நேர அட்டவணை கிடையாது. பழைய 800 சிசி அல்டோவுக்கு பெல்ட். எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் மாற்றியே விடுங்கள், அறுந்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

ஏசி காஸ் என்பது பெற்றோல் போலக் குறைந்துகொண்டே போவதல்ல, மூடிய சுற்று. குறைந்தால் ஒழுக்கு இருக்கிறது, அதைத் தேடாமல் வருடாவருடம் நிரப்புவது வீண். மலையில் ஏசியே போடாதவர்கள் வாரத்துக்குப் பத்து நிமிடமாவது ஓட விடுங்கள். உள்ளே ஒயில் சுற்றாமல் கொம்ப்ரஸர் சீல் காய்ந்துவிடும். மூடுபனியில் உள்கண்ணாடியின் புகையைத் துடைப்பதும் ஏசிதான்.

வைப்பர் ரப்பர் மாற்ற நாள் பார்ப்பது எந்தப் பக்கச் சரிவில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே மாதத்திலேயே மாற்றுங்கள், தென்மேற்குப் பருவ மழை செப்டெம்பர் வரை விடாது. பதுளை, பண்டாரவளைக்காரர்கள் ஒக்டோபரில் மாற்றினால் போதும்.

வேண்டாம் என்று சொல்லக்கூடியவை

எஞ்சின் ஃப்ளஷ் முதலில். ஒழுங்காக ஒயில் மாற்றிய எஞ்சினுக்கு அது தேவையில்லை, மாற்றாமல் விட்ட எஞ்சினில் ஒட்டியிருக்கும் கசடைப் பெயர்த்து ஒயில் வழியை அடைக்கவும் கூடும். அப்படிப்பட்ட எஞ்சினுக்கு 2,000, 3,000 கிலோமீற்றரில் இரண்டு தடவை ஒயிலும் பில்டரும் மாற்றுவது மெதுவான, பாதுகாப்பான வழி.

இன்ஜெக்டர், த்ரொட்டில் கிளீனிங்: நின்ற நிலையில் எஞ்சின் ஆடினால், ஸ்டார்ட் ஆகத் தாமதித்தால் செய்யலாம், நாள் பார்த்து அல்ல. கொழும்பிலிருந்து வந்தவர் நுவரெலியாவில் "கார் இழுக்கவில்லை" என்று இதைச் செய்துகொள்வது நடக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எந்த எஞ்சினும் அங்கே மூச்சு வாங்கும். கீழே இறங்கினால் தானாகச் சரியாகும்.

எஞ்சின் அறையில் நீராவி அடித்துக் கழுவுவது, முக்கியமாக ஹைபிரிட்டில், இல்லாத வயர்ப் பிரச்சினையை உண்டாக்கும். வண்டிக்கு அடியில் ஒயில் ஸ்ப்ரே அடிப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். ரப்பர் புஷ்களைத் தின்னும், தெறித்தால் பிரேக் டிஸ்க்கிலும் படும். கடற்கரை உப்புக் காற்று இங்கே இல்லை, சேற்றைத் தண்ணீரால் கழுவினால் போதும். ரெகுலர் பெற்றோலுக்குச் செய்த ஜப்பான் காருக்கு 92 ஒக்டேன் சரியான பெற்றோல், 95 போட்டாலும் மலையில் கூடுதலாக இழுக்காது. புகைப் பரிசோதனைக்கு முன் "டியூன்-அப்" என்று கேட்டால், சுத்தமான ஏர் பில்டரோடு அரை மணி நேரம் ஓடிச் சூடான எஞ்சினுடன் முதலில் போய்ப் பாருங்கள். தோற்றால், தாளில் உள்ள அளவுகளைக் காட்டிப் பழுது பார்க்கலாம்.

கவுண்டரில் பேசுவது

ஒவ்வொரு பரிந்துரைக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். "எது பழுது? அளந்து பார்த்தீங்களா, எவ்வளவு இருக்கு? இன்னும் ஐயாயிரம் ஓடினால் என்னாகும்?" நல்ல மெக்கானிக் பேட்டைக் கழற்றிக் கையில் தருவார், எண் சொல்வார். "எல்லாரும் செய்றாங்க அண்ணே" என்பது பதிலல்ல. மறுத்தால் கோபிப்பார் என்று தயங்க வேண்டாம், "இந்த மாசம் பிரேக் ஒயில் மட்டும் பாருங்க தம்பி, மத்ததை அடுத்த தடவை பாப்பம்" என்றால் முகம் சுளிக்க மாட்டார். கழற்றிய பழைய பாகங்களைப் பெட்டியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பில்டரையும் ஒயிலையும் நீங்களே வாங்கிக் கொடுப்பதானால் பழக்கமான கடையில், பில்லோடு வாங்குங்கள். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடினால் எல்லாம் கிடைக்கும், போலிப் பெட்டியும் சேர்த்துத்தான்.

டாஷ்போர்டில் ஒரு சிறு கொப்பி வையுங்கள். திகதி, கிலோமீற்றர், மாற்றியது, ஒயிலின் தரமும் அளவும், முன் பேட்டின் தடிப்பு, டயர்ப் பள்ளத்தின் ஆழம். பேட் 5,000 கிலோமீற்றரில் ஒரு மில்லிமீற்றர் தேய்ந்திருந்தால், 6இல் இருக்கும் பேட் 3க்கு வர இன்னும் 15,000 இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போடலாம். அதைவிட வேகமாகத் தேய்ந்தால் கலிப்பர் பின் இறுகியிருக்கிறது, அல்லது இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் வருகிறீர்கள்.